தீவகத்தின் பால் திரியலாமா?

பால்மாப் பொதி ஒன்றுக்காக நம் தாய்மார் கடை வாயிலில் வரிசையாக நின்ற 2021 ஆம், 2022 ஆம் ஆண்டுகளை நாடு அதற்குள் மறந்துவிட நியாயமில்லை. அந்நியச் செலாவணி வற்றியது. கப்பலில் வந்த மாவும் அதனோடு வற்றியது. அவ்வேளையிலும் வேலணைத் தரவையிலும் நெடுந்தீவுப் புல்வெளியிலும் பசுக்கள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. நியூசிலாந்திலிருந்து மாவைக் கொண்டுவர வழி கண்ட நாட்டுக்கு, நெடுந்தீவிலிருந்து பாலைக் கெடாமற் கொண்டுவர வழி காண இயலாதா? இவ்வினாவை ஊர்காவற்றுறைத் துறையில் நின்று எழுப்புகின்றோம்.

தீவகத்தில் மாடு வளர்ப்போர் பெரும் பண்ணைக்காரர் அல்லர். இரண்டு மூன்று பசுக்களைக் கொண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிப்போரே பலர். 1990 இல் போர் துரத்தியபோது மாட்டை அவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு ஓடி, திரும்பி வந்து மீண்டும் பட்டி கட்டியோரும் இவர்களுள் உளர். இவர்களுக்கு நவீன விஞ்ஞானம் என்ன செய்யக்கூடும் என்பதே நம் ஆராய்ச்சி.

கறந்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் நம் வெப்பத்தில் அரை மணிக்கு ஒரு முறை இரு மடங்காகப் பெருக வல்லவை. 4 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அப்பெருக்கம் பெரிதும் அடங்கும். பால் மறுநாள் வரை காத்திருக்கும். அனலைதீவின் பால் ஊர்காவற்றுறைக்கும், நயினாதீவின் பாலும் நெடுந்தீவின் பாலும் குறிகட்டுவானுக்கும் படகில் ஏறியே வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. மாலையிற் கறக்கும் பாலோ மறுநாட் காலைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். விலையாகாத பாலை எவர்தாம் கறப்பர்? மாலைக் கறவையைக் கைவிடும் ஏழையைச் சோம்பேறி என்று பழிப்பது அறியாமை. அவருக்கு இல்லாதது குளிர்.

குளிருக்கு மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்தின் கதையோ விசித்திரமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெய்யிலாலும் மின் உண்டாக்கும் வேலை 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் அதனை நடத்த உடன்பாடு ஏற்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 11 மில்லியன் அமெரிக்க டொலர்ச் செலவு. 1,700 கிலோவாற்று சூரிய மின். 530 கிலோவாற்று காற்று மின். அவற்றைச் சேமிக்க மின்கலத் தொகுதி. நம் கடலில் எவர் கால் பதிப்பது என்று இரு வல்லரசுகள் வழக்காடின. தீவாரின் எந்தத் தொழில் அம்மின்சாரத்தால் உயரும் என்ற வாதம் அவ்வழக்கில் எவராலும் எடுத்துரைக்கப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை. நம் கட்சிக்காக நாமே தோன்றி வாதாட வேண்டியிருக்கின்றது.

நம் முதற் கோரிக்கை இது: தீவுகளின் இறங்குதுறைக்கு அண்மையிலும், அவை வந்து சேரும் ஊர்காவற்றுறையிலும் குறிகட்டுவானிலும் பால் குளிர்விக்கும் கலங்கள் வேண்டும். 500 லீற்றர் கொள்ளும் கலம் சில கிலோவாற்று மின்னில் இயங்கிவிடும். நண்பகல் வெய்யிலின் மின்னால் பனிக்கட்டியை உறையவைத்து, மாலைப் பாலை அதனாற் குளிர்விக்கும் கலங்களும் இன்று உண்டு. வெய்யிலை நாம் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆயின், கருவி எவர் கையில் இருக்கும் என்பது அதனினும் பெரிய கேள்வி. குசராத்தின் கெய்ரா மாவட்டத்து உழவர், தம் பாலைத் தனி வணிகர் ஒருவரே கொண்டு பம்பாய்க்கு விற்ற முறையை எதிர்த்து, 15 நாட்கள் ஒரு துளி பாலும் கொடுக்க மறுத்தனர். 1946 டிசம்பர் 14 இல் அவர்களின் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. தலைமை தாங்கிய திரிபுவன்தாசு பட்டேல் ஓர் அரசியல் ஊழியர். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லீற்றர் மட்டுமே. பொறியியலாளர் வர்கீசு குரியன் 1949 இல் அங்கு சென்றார். எருமைப் பாலை மாவாக்க முடியாது என்று மேனாட்டு நிபுணர் சொன்னதை 1955 இல் ஆனந்த் நகரில் எழுந்த ஆலை பொய்ப்பித்தது. அங்கே விஞ்ஞானம் உழவரின் ஊழியராக வேலை செய்தது. நமக்கு மா விற்கும் நியூசிலாந்தின் மிகப் பெரிய பால் நிறுவனமும் அந்நாட்டுப் பாற்பண்ணையாளரே உடைமையாளராக உள்ள கூட்டுறவுதான் என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆனந்தின் மற்றொரு பாடம் பரிசோதனை. பாலின் கொழுப்பையும் பிற சத்துக்களையும் அளந்து விலை தீர்க்கும் சிறு கருவி இன்று ஒரு நிமிட அளவில் கணக்குச் சொல்லிவிடுகின்றது. அக்கணக்கு கொண்டுவந்தவர் கண்முன்னே வாசிக்கப்பட்டு, சீட்டில் அச்சாகி அவர் கைக்கு வர வேண்டும். சாட்சியம் இல்லாத தீர்ப்பு நீதிமன்றில் நிற்காதெனின், பாற்சாவடியில் மட்டும் நிற்கலாமா? அதே கருவி நீர் கலந்தவரையும் காட்டிக்கொடுக்கும். நீதி இரு பக்கமும் வெட்டும். அதற்கு அங்கத்தவரும் ஆயத்தமாக வேண்டும்.

இனிப் பசுவைப் பற்றி ஒரு வார்த்தை. பசு 21 நாட்களுக்கு ஒரு முறையே சினைப்பருவம் அடைகின்றது; அதன் அறிகுறி முக்கால் நாளுக்கு மேல் நீடிப்பது அரிது. காலையிற் கண்டால் மாலையிற் சினைப்படுத்த வேண்டும் என்பது விதி. கடலுக்கு அப்பாலிருந்து உத்தியோகத்தர் வருமுன் பருவம் கழிந்தால் மூன்று வார உணவு வீண். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. செய்தி பெறும் உத்தியோகத்தரும், விந்தைக் காக்கும் திரவ நைதரசனும் தீவிலேயே இருந்தால் இக்குறை தீரும். முழுச் சீமைப் பசு நம் வெப்பத்தில் தளரும். நாட்டுப் பசுவோடு யேர்சியும் சாகிவாலும் அளவறிந்து கலந்த இனமே நமக்கு உகந்தது.

இனம் மட்டும் பால் தராது. ஒரு லீற்றர் பாலுக்குப் பசு மூன்று நான்கு லீற்றர் நீர் குடிக்கின்றது. உவர் நீர்க் கிணறுகள் மலிந்த தீவகத்தில் மழைநீர்த் தொட்டியும் பால் உற்பத்திக் கருவியே. மாரி நெல்லின் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, இறுக மூடிப் பத்து நாள் வைத்தால் கோடைக்குச் சத்துள்ள தீனி கிடைக்கும். வெறும் யூரியா நஞ்சாகலாம். ஆதலின் கால்நடை வைத்தியரிடம் கற்றே செய்தல் வேண்டும்.

“பால் கொஞ்சம், கருவிக்குக் கட்டுப்படியாகுமா?” என்று கேட்போருக்கு விடை உண்டு. முதலில் எண்ணுவோம். எந்தத் தீவில் எத்தனை கறவைப் பசு, எந்த மாதத்தில் எவ்வளவு பால் என்ற கணக்கை ஊர் இளைஞர் ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம். கணக்கு சிறிதெனின் சிறு கலம் போதும். கணக்கே எடாமல் மறுப்பதும் கூடாது. கணக்கே எடாமல் பெருங்கலம் வாங்கித் துருப்பிடிக்க விடுவதும் கூடாது.

கால்நடையும் கூட்டுறவும் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயங்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. அதற்காக நாம் கைகட்டியிருத்தல் தகாது. பாலுக்குச் சபை முக்கியம். அதனினும் முக்கியம் சங்கம். சட்டம் அறிந்தோர் அதன் விதிகளை எழுதித் தரட்டும். வைத்தியரும் பொறியியலாளரும் ஓய்வு நாளொன்றைத் தரட்டும். கடல் கடந்து வாழும் ஊரவர், கோபுரத்துக்கு அனுப்பும் பொருளில் ஒரு பங்கைக் குளிர்கலத்துக்கு அனுப்பட்டும்.

தீவக உழவர் பெருமக்களே! காற்றும் வெய்யிலும் உங்களுடையவை. பசுவும் பாலும் உங்களுடையவை. அவற்றை இணைக்கும் கருவியும் உங்களுடையதாகவே இருத்தல் வேண்டும். அடுத்த மாரி தொடங்குமுன் ஊர்தோறும் கூடிக் கணக்கெடுங்கள். அக்கணக்கோடு அதிகாரிகளின் வாயிலில் நாம் நிற்போம்.