ஆள் தேடும் படிப்பு

"டாக்டருக்கா, பல் டாக்டருக்கா?" உறவினர்கள் கேட்கும் இந்தக் கேள்வியின் தொனி போதும். நீட் எழுதும் பெரும்பாலோரின் முதல் ஆசை எம்.பி.பி.எஸ். மதிப்பெண் எட்டாதபோது பி.டி.எஸ். தோற்றுவிட்டோம் என்ற நினைப்போடுதான் பலர் முதல் வருடம் மெழுகில் பல் செதுக்க உட்காருகிறார்கள்.

உண்மையான சோதனை மூன்றாம் வருடத்தில். இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் செய்ய வேண்டும் என்று துறைக்குத் துறை கணக்கு. மாணவர்கள் இதைக் 'கோட்டா' என்கிறார்கள். (அகராதி 'ஒதுக்கீடு' என்கும். அவர்கள் சொல்லும்போது 'கடன்' என்றே காதில் விழுகிறது.) நோயாளி தானாக வருவார் என்று நம்ப முடியாது. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் இருக்கும் தனியார் கல்லூரிக்குப் பல்வலிக்காரர் எதற்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும்? ஆகவே மாணவரே ஆள் தேடுகிறார். ஹாஸ்டல் வாட்ச்மேன், மெஸ் சமையல்காரர், டீக்கடைக்காரரின் அம்மா. பஸ் காசும், சில சமயம் சிகிச்சைக் கட்டணமும் அவர் கையிலிருந்துதான். பல்செட்டுக்கு அளவு கொடுத்த பாட்டி அடுத்த வாரம் வராவிட்டால், வேறு பாட்டியைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கு முடியாவிட்டால் ஹால் டிக்கெட்டே சந்தேகம்.

பல் மருத்துவர்களே அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்றொரு பேச்சு வெகு காலமாக உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் மாணவர்களின் நிலைமை கவலை தருகிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய ஆன்லைன் ஆய்வில் 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பங்கேற்றனர். தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ இருந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். பல் மருத்துவக் கல்வி வேறு அமைப்பின் கீழ் வருகிறது, பி.டி.எஸ். மாணவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும் பேராசிரியரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் எந்த மாணவி வாய் திறப்பாள்? வெளியே பேச நினைப்பவர்களுக்கு அரசின் டெலி மானஸ் இருக்கிறது: 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. நோயாளிகளை அழைத்துவரும் வேலையைக் கல்லூரிகளே ஏற்கட்டும். மருத்துவமனை அவர்களுடையதுதானே.