கொட்டியாரக் குடாவுக்கு எந்தக் கண்?

கொட்டியாரக் குடாவில வள்ளத்தை நிப்பாட்டி ஒரு கிளாஸ் தண்ணி அள்ளினால், பார்வைக்குத் தெளிஞ்ச தண்ணிதான். உள்ளே இலட்சக்கணக்கில் நுண்பாசிகள் இருக்கு. சூடை மீன் தொடங்கி, திருமலைக்கு வெளியே ஆழக்கடலில் தலைகாட்டுற நீலத் திமிங்கிலம் வரைக்கும் எல்லாற்ற சாப்பாட்டுக்கும் அடி அதுதான்.

இதுகளை எண்ணுகிற மெஷின் ஃப்ளோ சைற்றோமீற்றர். தண்ணியை மயிரிழை மாதிரி ஒடுக்கி, கலங்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிடும். பச்சையம் உள்ள கலத்தில் நீல லேசர் பட்டதும் அது சிவப்பாக மினுங்கும், 680 நனோமீற்றருக்குக் கிட்ட. சாயம் ஒன்றும் போடத் தேவையில்ல. அந்த மினுக்கத்தைப் பிடிக்கிறது ஒளியுணரி. மெஷின் வாங்கப் போகிறவர்கள் லேசர் எத்தனை, நிறம் எத்தனை என்று கேட்பார்கள். உணரி என்ன வகை என்று கேட்பவர் குறைவு. என்ர கட்சி இது: எங்கட கடலுக்கு ஒரு மெஷின் வந்தால், அதின்ர சிவப்புக் கண் அவலாஞ்ச் போட்டோடயோட்டாக, சுருக்கமாக ஏபிடியாக, இருக்க வேணும்.

பழைய கண் பிஎம்டி, ஒளிப்பெருக்கிக் குழாய். காற்று எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒளி ஒரு பூச்சில் பட்டு எலெக்ட்ரோனைத் தட்டிவிடும். அந்த ஒன்று படிப்படியாகப் பெருகி பத்து இலட்சம் ஆகும். நூற்றுக்கணக்கான வோல்ட் வேணும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து அறை வெளிச்சம் பட்டால் பழுதாகிவிடும். பச்சை, நீல ஒளிக்கு அருமையான சாமான். ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டேயில் நியூட்ரினோ பிடிக்க 11,000க்கு மேல் வைத்திருக்கிறார்கள். அங்கே வாறது நீல ஒளி. ஆஸ்பத்திரியில் இரத்தக் கலத்துக்குப் போடுகிற சாயங்களில் நிறைய பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் ஒளிர்கிறவை, அங்கேயும் குறை சொல்ல ஏலாது. ஆனால் 680இல் நூறு ஒளித்துகள் வந்தால், வழக்கமான பிஎம்டி எலெக்ட்ரோனாக மாற்றுவது பத்தைச் சுற்றித்தான். ஏபிடி எண்பதைச் சுற்றி மாற்றும். அதுக்கும் குறை இருக்கு: பெருக்கம் நூறு மடங்கு அளவில்தான், அதனால் பின்னால் வரும் மின்சுற்றின் இரைச்சல் கூடவே கேட்கும், சில்லும் சின்னது, ஒளியைக் குவித்துக் கொடுக்க வேணும். சைற்றோஃப்ளெக்ஸும் சைடெக் அவ்ரோராவும் இந்தக் குறைகளைச் சமாளித்து ஏபிடியிலேயே ஓடுகின்றன.

இரைச்சல் என்றதும் ஒரு கதை சொல்ல வேணும். 1980களில் ரொப் ஓல்சனும் சாலி சிஷோமும் இந்த மெஷினைக் கப்பலில் ஏற்றிக் கடல்நீரை ஓட்டினார்கள். திரையின் அடியில், இரைச்சலோடு இரைச்சலாக, சின்னச் சிவப்புப் புள்ளிகள். முதலில் மின்சுற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். 1988இல் நேச்சர் இதழில் வெளியானபோது அது ஓர் உயிர்: 0.6 மைக்ரோமீற்றர் அளவுள்ள, பின்னாளில் புரோகுளோரோகொக்கஸ் என்று பெயர் வைத்த, உலகிலேயே எண்ணிக்கையில் கூடிய ஒளித்தொகுப்பு உயிரி. அவர்களிடம் இருந்ததும் பிஎம்டிதானே என்று கேட்கலாம். உண்மைதான். அவர்கள் மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள். வெயில் கொளுத்துகிற மேல்தண்ணியில் இந்த உயிரிக்குப் பச்சையம் இன்னும் குறைவு, மினுக்கமும் குறைவு. வெப்பமண்டலக் கடலில் வேலை செய்ய நினைப்பவருக்கு நூற்றில் பத்தா எண்பதா என்பது சும்மா கணக்கில்ல.

மூன்றாவது கண், சிலிக்கன் போட்டோமல்டிப்ளையர். 100 வோல்ட்டுக்குள் ஓடும், வெளிச்சம் பட்டாலும் சாகாது, பிஎம்டி அளவுக்குப் பெருக்கும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் சாதாரண வகைகளின் பலம் நீலத்தில். அதோடு ஒளியே இல்லாமல் எழும் பொய்த் துடிப்புகள் ஒவ்வொரு 8–10 பாகை சூட்டுக்கும் இரண்டு மடங்காகும். ஓகஸ்ட்டில் திருமலையில் கரண்ட் போய், ஏசி நின்ற அறையை நினைத்துப் பாருங்கோ! ஏபிடியும் சூட்டில் பெருக்கத்தை இழக்கும், சின்னக் குளிரூட்டி ஒட்டியே வைக்க வேணும். அந்தச் செலவை நான் ஒத்துக்கொள்கிறேன்.

எல்லா வேலைக்கும் இந்தக் கண் வேணும் என்றில்ல. கப்பல்கள் கொண்டுவந்து கொட்டும் பலாஸ்ட் தண்ணியை எடுங்கோ. 2017இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்பாட்டின்படி, 10 முதல் 50 மைக்ரோமீற்றர் வரையான உயிருள்ளவை ஒரு மில்லிலீற்றரில் பத்துக்குக் குறைவாக இருக்க வேணும். அவ்வளவு பெரிய கலத்தை எந்த உணரியும் பார்த்துவிடும். அங்கே பிரச்சினை வேற: உயிரோட இருக்கா செத்துப்போச்சா என்பதும், போதுமான தண்ணி ஓட்டினோமா என்பதும். துறைமுகத்துக்கு ஒரு மலிவான மெஷினே போதும்.

2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு அரசாங்கம் ஒரு வருஷத் தடை போட்டது. சரியா பிழையா என்று எங்கட பெடியள் நிறையச் சண்டை பிடித்தார்கள். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடாவின் தண்ணியை இங்கேயே, வருஷம் முழுக்க எண்ண ஒரு கண் வேணும் என்று அந்தச் சண்டையில் யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்ல.

மெஷின் வந்தால் முதல் சாம்பிள் எங்கே எடுக்கிறது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். மாரி மழையில் மகாவலி கலங்கி, மலைநாட்டு மண்ணோடும் உரத்தோடும் குடாவுக்குள் விழுகிற இடம். சிதறும் ஒளியைப் பார்க்கிற சாதாரண போட்டோடயோட்டுக்கு மண்துகளும் பாசியும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். சிவப்புக் கண்ணில் மண் மினுங்காது.