பொம்மை மன்றம் போதுமா?

மணி ஒலிக்கிறது. அவைத் தலைவர் வருகிறார், வயது பதினாறு. அவையோர் எழுந்து வணங்குகின்றனர். "வினா எண் ஒன்று" என்கிறது ஒரு குரல். மாண்புமிகு கல்வி அமைச்சர், பதினொன்றாம் வகுப்பு மாணவி, கையிலுள்ள தாளைப் பார்த்து விடையிறுக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் சீறுகிறார். அந்தச் சீற்றமும் தாளில் இருக்கிறது! வெளிநடப்புச் செய்வோர், எந்த வாயில் வழியே எந்த நொடியில் வெளியேறுவது என்பதை முதல் நாளே ஒத்திகை பார்த்தவர்கள். வினாவை எழுதியவர் யார்? ஆசிரியர். விடையை எழுதியவர்? அதே ஆசிரியர். வெகுண்டெழுந்த வாசகத்தை எழுதியவர்? ஐயப்பாடு வேண்டா, அவரே! ஒரு மணி நேரத்திற்குள் சட்ட முன்வடிவு ஒன்று நிறைவேறுகிறது, மேசைகள் அதிர்கின்றன, நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர், தேநீர் வருகிறது. மக்களாட்சிப் பயிற்சி முடிந்தது!

இதற்கு மாதிரி சட்டமன்றம் என்று பெயர். இளைஞர் நாடாளுமன்றம் என்றும் அழைக்கின்றனர். கடலூர்ப் பள்ளியிலோ சிதம்பரத்துக் கல்லூரியிலோ இத்தகைய காட்சி அரங்கேறும்போது, பெற்ற மனம் பூரிக்கும், படம் பிடிப்பர், பாராட்டுவர். நகையாடுவதற்காக இதனைக் கூறவில்லை, தோழர்களே! மன்றம் வைப்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. பயிற்சியின்றிப் பேச்சு வராது. பேச்சின்றி உரிமை வராது. ஆனால், நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த அவையில் எழும் வினா யாருடையது?

இத்திட்டம் பிறந்த வரலாற்றைச் சற்றே நோக்குக. 1962இல் பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்விக்கூடங்களில் மாதிரி நாடாளுமன்றங்களை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. 1966இல் தில்லிப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டு தில்லை நகரில் நடந்தது என்ன? 1965 சனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்த மாணவர்கள்மீது துப்பாக்கி வெடித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன், சிவகங்கை இராசேந்திரன் மாண்டான். தில்லியில் மாணவர்க்குப் பொம்மை மன்றம். தில்லையில் மாணவனுக்கு மெய்யான குண்டு! பொம்மைக்கு வெகுண்டோர் எவருமிலர்; வினாவுக்குத்தான் வெகுண்டனர். ஆட்சி மாறிய பின்னரும், 1971இல், அதே பல்கலைக்கழகத்தில் மாணவர் கிளர்ச்சியின்போது உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். அதையும் மறைக்க வேண்டா. மாணவன் வினாவைக் கண்டு நடுங்குவது எந்த ஒரு கட்சிக்கும் தனியுடைமை அன்று.

"அதிகாரமில்லாத அவைதானே, அதில் எதைப் பேசினால் என்ன?" என்று கேட்போர் உளர். அன்னார்க்குச் சென்னை மாகாணத்தின் பழைய சட்டமன்றத்தை நினைவூட்டுவோம். 1919ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இரட்டையாட்சி எத்தகையது? காவல்துறையும் நிலவரியும் ஆளுநரின் பிடியில். கல்வியும் நல்வாழ்வும் அமைச்சர் கையில். மன்றம் மறுத்ததையும் தம் சான்றுரையால் சட்டமாக்கும் உரிமை ஆளுநருக்கு இருந்தது. சொத்துடையோர்க்கே வாக்கு. அரைப் பொம்மை எனத்தக்க அந்த அவையின் முதல் முதலமைச்சராக 1920 டிசம்பரில் அமர்ந்தவர், இந்தத் தென்னார்க்காட்டுச் சீமையைச் சேர்ந்த அகரம் சுப்பராயலு ரெட்டியார். அந்த அவைதான் 1921இல் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. அந்த ஆண்டிலேயே வகுப்புரிமை ஆணையும் பிறந்தது. அதிகாரம் குறை, ஆயினும் வினா தமது!

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். சுவாமி சகசானந்தர் 1916இல் இந்நகரில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். தீண்டாதார் என்று தள்ளப்பட்டோரின் பிள்ளைகட்குப் பள்ளியும் விடுதியும் கண்ட அவர், பல்லாண்டுகள் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பள்ளியில் கண்ட பசியை மன்றத்தில் வினாவாக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளும் அப்படியே. 1952இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை! தீண்டாமை பற்றி ஆராய 1965இல் அமைந்த குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை தந்தார். இவர்கள் எவர் எழுதிய தாளையும் பார்த்து ஒப்பித்தவர்கள் அல்லர்.

இன்று தாள் எங்கிருந்து வருகிறது? 2025இல் ஒன்றிய அரசு நடத்திய இளைஞர் நாடாளுமன்றத்திற்கு மாவட்ட அளவில் தரப்பட்ட தலைப்பைப் பாருங்கள்: 'ஒரே நாடு ஒரே தேர்தல்' வளர்ந்த பாரதத்திற்கு வழி வகுக்கிறது என்பது! விவாதத்திற்குத் தலைப்பா இது? தீர்ப்பு! தீர்ப்பைத் தலையில் சூட்டிவிட்டு, இனி இரு பக்கமும் வழக்காடுக என்பது எவ்வூர் நெறி?

கடலூரில் பேசப் பொருளா இல்லை? சிப்காட் தொழிற்சாலைகளின் நெடியை முகர்ந்தபடியே பள்ளிக்கு வரும் பிள்ளை அங்கு உண்டு. 2023 சூலையில், நெய்வேலிச் சுரங்கத்திற்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைக் கண்ட உழவன் மகன் உண்டு. வீராணத்து நீர் குழாய் வழியே சென்னைக்குப் போவதை அறிந்த மாணவி உண்டு. தில்லைக் கோயிலில், 2008 மார்ச்சில் ஆறுமுகசாமி தேவாரம் பாடச் சென்றபோது ஏற்பட்ட அமளி என்ன, 2022 மே மாதத்தில் கனகசபை மீதேறி வழிபட அரசு பிறப்பித்த ஆணை என்ன! இவற்றுள் ஒன்றையேனும் பற்றி மாதிரி மன்றத்தில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொணர எத்தனை தலைமையாசிரியர்கள் இசைவர்? மரம் நடுதல், தூய்மை பேணுதல், கைப்பேசியின் தீமை... இவை போதும் என்பார்கள்! மரம் நடுவது நன்று. அதற்குச் சட்டமன்றம் எதற்கு?

முன்வடிவு நிறைவேறியதும் மேசையைத் தட்டக் கற்பிக்கின்றனரே, அதன்பின் அது எங்கே போகிறது என்று கற்பித்தனரா? 2023 நவம்பர் 18 அன்று, ஆளுநர் திருப்பியனுப்பிய பத்து முன்வடிவுகளைத் தமிழகச் சட்டமன்றம் இரண்டாம் முறையாக நிறைவேற்றிற்று. அவற்றுட் பல, பல்கலைக்கழகங்கள் பற்றியவை. தம் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சட்டம் எந்த மாளிகையில் தூங்கிற்று என்று ஒரு மாணவன் கேட்பானாகில், அதுவன்றோ குடிமைக் கல்வி!

மெய்யான மன்றம் எப்படிக் கூடும் என்பதைச் சிதம்பரத்து மாணவர்களே காட்டினர். இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு ஏற்ற பின்னரும், ஏனைய அரசுக் கல்லூரிகளினும் பன்மடங்கு மிகுதியாகக் கட்டணம் பெற்றனர். 2020 டிசம்பரில் மாணவர்கள் தரையில் அமர்ந்தனர். கல்லூரியைக் காலவரையின்றி மூடிப் பார்த்தனர், மாணவர் அசையவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் நடந்த அறப்போரின் முடிவில், 2021 தொடக்கத்தில், கட்டணக் குறைப்பு ஆணை வந்தது. அவர்களுக்கு அவைத் தலைவர் இல்லை, மணி இல்லை, நடுவர் இல்லை. வினா ஒன்றே இருந்தது. அது அவர்களுடையதாக இருந்தது!

மாதிரித் தேர்தலுக்கு மகிழ்வோர், மெய்த் தேர்தலுக்கு ஏன் மருளுகின்றனர்? மாணவர் பேரவைத் தேர்தலை நடத்துமாறு லிங்தோ குழு கூறியதை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்று ஆணையிட்டது. தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் அந்தத் தேர்தல் நடப்பதே இல்லை. பதினெட்டு வயதில் நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உண்டாம். தம் விடுதியின் உணவுக் குழுவைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லையாம்! சட்டமன்றத்திற்கு வேட்பாளராக நிற்கவோ இருபத்தைந்து வயது வேண்டும். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டிலேயே அதனைப் பதினெட்டாகக் குறைத்துவிட்டனர்.

ஆகவே, தாளைக் கிழித்தெறியுங்கள் என்கிறோம். வினாக்களை மாணவரே எழுதட்டும். ஆசிரியர் பிழை திருத்தட்டும், கருத்தைத் திருத்த வேண்டா. ஆளுங்கட்சி தோற்கும் வாய்ப்பும் அவையில் இருக்கட்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசும் நகரப் பிள்ளைகளே அமைச்சராகி, சேரியிலிருந்து வந்தவன் அவைக் காவலனாக நிற்கும் வழக்கம் ஒழியட்டும். ஆண்டிற்கு ஒரு நாளேனும் கடலூர் மாவட்ட ஆட்சியரும், இந்த மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் அமைச்சர் வரிசையில் வந்து அமரட்டும். மாணவர் கேட்கட்டும், அவர்கள் விடை சொல்லட்டும். விடை தெரியாவிட்டால், "தனிக் கேள்வியாகக் கேட்டால் விடையளிக்கப்படும்" என்று கூறிவிட்டு அமர்ந்துகொள்ளலாமே. கோட்டையில் நாள்தோறும் கேட்ட விடைதானே அது!