விமான வகை ஒதுக்கீட்டுக்கு எழுத்து விதி வேண்டி விமானிகள் சங்கத்தின் கோரிக்கை மனு

பெறுநர்: தலைமை இயக்குநர், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது தில்லி.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் கழிகிறது. அந்த உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயணிகள் ஜெட்டில் உட்கார முடியாது. ஓட்டப்போகும் வகைக்குத் தனிப் பயிற்சி முடித்து, சிமுலேட்டரில் தேறி, அந்த வகையை உரிமத்தில் பதிவு செய்ய வேண்டும். விமானிகள் ‘டைப் ரேட்டிங்’ என்பது இதைத்தான். ஏர்பஸ் 320க்கான பதிவு, வேறுபாட்டுப் பயிற்சியோடு 319, 321க்கும் செல்லும். போயிங் 737க்கோ ஏடிஆர் 72க்கோ செல்லாது.

இந்தக் கண்டிப்பு நியாயமானது. ஏர்பஸ் 320இன் கேப்டன் இடக்கையால் பிடிப்பது பக்கவாட்டில் உள்ள சிறு குச்சி. 737இல் அது முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் தண்டு. இயந்திர விசையைத் தானியங்கி கவனிக்கும்போது போயிங்கின் த்ராட்டில் பிடிகள் தாமே நகரும், ஏர்பஸில் அசையாமல் நிற்கும். முன்னதில் கைக்குத் தெரிவதைப் பின்னதில் திரையைப் பார்த்தே அறிய வேண்டும். நெருக்கடியில் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். அதனால் ஒருவரை ஒரு சமயத்தில் ஒரே வகையில் வைத்திருக்கும் வழக்கத்தைச் சங்கம் குறை கூறவில்லை.

குறை, யாருக்கு எந்த வகை என்று முடிவாகும் விதத்தில். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் காலியிடம் அறிவிக்கப்படும். விண்ணப்பித்தவர்களில் பணிமூப்பு எண் முந்தியவருக்கு இடம். இங்கே அது அந்தந்த நிறுவனத்தின் கொள்கை. சம்பளம், தங்கும் ஊர், கேப்டன் ஆகும் காலம் எல்லாம் அந்த ஒரு முடிவில் அடங்குகின்றன. வேலை மாறும் வாய்ப்பும் அதில்தான். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது அதன் விமானங்களில் பெரும்பாலானவை 737. நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவிடம் இருந்தவையோ ஏர்பஸ் 320 குடும்பமும் ஏடிஆரும். எத்தனை ஆயிரம் மணி பறந்த 737 கேப்டனானாலும் புதுப் பதிவு இல்லாமல் அங்கே இருக்கை இல்லை.

ராஜினாமா செய்யும் கேப்டன் 12 மாதமும் துணை விமானி 6 மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று இயக்குநரகம் 2017இல் மாதக் கணக்கோடு விதித்தது. வெளியேறும் வாசலுக்கு இருக்கும் எழுத்து விதி, வகைக்குள் நுழையும் வாசலுக்கும் வேண்டும்.

எனவே, ஒவ்வொரு நிறுவனமும் பணிமூப்புப் பட்டியலையும் வகை ஒதுக்கீட்டு அளவுகோலையும் விமானிகளின் பார்வைக்கு வைக்க வேண்டும். மூத்தவரைத் தாண்டி இளையவருக்கு வகை தந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பயிற்சிக்கான பாண்டுத் தொகை உண்மைச் செலவைத் தாண்டாமல், பணிபுரியும் மாதத்துக்கு ஏற்பக் குறைந்து வர வேண்டும். 90 நாளில் 3 முறை ஏறி இறங்காதவர் பயணிகளோடு பறக்க முடியாது என்பதால், பழைய வகையிலிருந்து விலக்கப்படுபவருக்குப் புதுப் பயிற்சி தொடங்கும் தேதியை அன்றே தர வேண்டும். இவற்றை விதியாக்கி, வரைவைக் கருத்துக்கு வெளியிடுமாறு இயக்குநரகத்தைச் சங்கம் கேட்டுக்கொள்கிறது.