"பொறுத்துப் போ" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் எமது ஊர்களில் ஒரு கொண்டாட்டம் தொடங்கிவிடும். தனியார் கல்வி நிலையங்களின் மதில்களில் மாணவர்களின் படங்களோடு பதாகைகள் தொங்கும். பத்திரிகைகளில் வாழ்த்து விளம்பரங்கள் வரும். பல்கலைக்கழகத்திற்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் மிளகாய்த்தூள் இடித்துக் கொடுப்பார். தகப்பன் பஸ் தரிப்பிடம் வரை வந்து ஒரு புத்திமதி சொல்வார்: "பகிடிவதை இருக்கும்தான். கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. ஒருத்தரோடையும் கொழுவாதை."

அன்போடு சொல்லப்படும் இந்தப் புத்திமதியே எமது பல்கலைக்கழகங்களில் பகிடிவதை உயிரோடிருப்பதற்கு முதற் காரணம் என்பது எனது வாதம். நிர்வாகத்தையும் அரசியற் கட்சிகளையும் பொலிஸாரையும் நாம் திட்டித் தீர்த்தாயிற்று. இனிப் பெற்றோரைப் பற்றியும் பேச வேண்டும்.

"கொஞ்ச நாள்" என்கிறோம். 1975ஆம் ஆண்டு பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். முடமாகி, பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2002இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1997இல் அதே பேராதனையில் பொறியியற் பீட முதலாமாண்டு மாணவன் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சிகள் செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 2020 மார்ச் மாதம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டின் மேலிருந்து உருட்டிவிடப்பட்ட டயர் மோதி ஒரு புதுமுக மாணவரின் தலை படுகாயமடைந்தது. 2025 ஏப்ரலில் சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதையே காரணம் என்ற குற்றச்சாட்டின் பேரில் மாணவர்கள் கைதானார்கள். அரை நூற்றாண்டுக் கணக்கு இது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. வரப்பிரகாஷின் மரணத்திற்கு அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. கல்வி நிறுவனத்திற்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் அது குற்றம். ஆகவே வாடகை அறையில் நடந்தது பல்கலைக்கழகத்தின் பொறுப்பல்ல என்று எவரும் கைகழுவ முடியாது. இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரை. குற்றவாளியாகக் காணப்படும் மாணவரைக் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். இத்தனை கூர்மையான சட்டம் தூங்கிக் கிடப்பது ஏன்? முறைப்பாடு செய்ய ஆளில்லை. பிள்ளை வாய்திறந்தாலும் வீடு அந்த வாயைப் பொத்திவிடுகிறது.

பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லலாம். பகிடிவதைச் செய்தி ஒன்று கைக்கு எட்டினால், அதனைத் தடுக்கும்படி வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டிலிருந்துதான் வரும். "பிள்ளையின்ரை படிப்புக் கெட்டுப்போகும், ஐயா." பெண் பிள்ளையாயின் திருமணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அந்த அச்சத்தின் மீதுதான் வதைப்பவன் தன் சிம்மாசனத்தைப் போட்டிருக்கிறான்.

பகிடிவதைக்கு நியாயம் சொல்வோரும் இருக்கிறார்கள். அது கூச்சத்தைப் போக்குமாம். பணக்காரன் ஏழை என்ற வேறுபாட்டை அழிக்குமாம். உண்மையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மனமுடைந்தால் தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ படிப்பைத் தொடரும். மலையகத் தோட்டத்திலிருந்தோ வன்னிக் கிராமத்திலிருந்தோ, குடும்பத்தில் முதலாவது ஆளாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைக்குத் திரும்பிப் போக வேறு வாசல் கிடையாது. ஏழையின் பெயரால் ஏழையையே வதைக்கும் சமத்துவம் இது. இதில் இனமும் தடையல்ல. தமிழ் மாணவரைத் தமிழ் மாணவரே வதைக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்காக மாணவர்களுக்கு வகுப்புத்தடை விதிக்கப்பட்ட செய்திகளை நாம் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறோம்.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்யலாம்? முதலில், பிள்ளை புறப்படும் முன்னரே "நீ மறுக்கலாம், மறுத்தால் நாங்கள் உன் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுக்கும் மாணவரைச் சிரேஷ்ட மாணவர்கள் ஒதுக்கிவைப்பார்கள். பழைய வினாத்தாள் தரமாட்டார்கள். பரீட்சைக்கு முன் தாங்கள் சொல்லித்தரும் 'குப்பி' வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். அந்தத் தனிமையைத் தாங்கும் பலம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்தது பணம். மகாபொலக் கொடுப்பனவு கைக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை பிள்ளை எவரிடமும் கடமைப்படாதிருக்கப் பாருங்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து மருமகளின் படிப்புக்கு உதவும் மாமன்மாரும் இந்த முதல் மாதங்களை நினைவிற் கொள்ளட்டும்.

மூன்றாவது, "சாப்பிட்டியா?" என்பதோடு தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். இரவில் எங்கே கூப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறாய், என்ன உடை உடுக்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் வரும் மிரட்டல்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏதும் நடந்தால் திகதி, இடம், ஆள் என்று எழுதி, பீடாதிபதிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். காயமோ மிரட்டலோ இருந்தால் பொலிஸுக்குப் போங்கள். தனியே போகப் பயமாயின் அதே பீடத்தில் படிக்கும் நாலு பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிச் சேர்ந்து போங்கள். ஒரு கடிதத்தை மேசைக்கடியில் வைக்கலாம். ஐந்து பெற்றோரை வாசலில் காத்திருக்க வைப்பது கடினம்.

கடைசியாக, எவரும் கேட்க விரும்பாத கேள்வி. வதைபடும் பிள்ளைக்குப் பெற்றோர் இருப்பதுபோல், வதைக்கும் பிள்ளைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு மாணவன் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அவனுக்கு விருந்து வைக்கிறோம். முதலாமாண்டுப் பிள்ளைகளை என்ன செய்கிறாய் என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறார்கள்? சென்ற ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அதே பிள்ளைதான் இந்த ஆண்டு விடுதி மண்டபத்தில் மற்றவரை முழங்காலில் நிறுத்துகிறான். பொறுத்துப் போகச் சொல்லி நாம் கொடுத்த பயிற்சியின் மறுபாதி அது.

இந்த முறை பஸ் தரிப்பிடத்தில் பிள்ளைக்கு இரண்டு வசனம் சொல்லுங்கள்: உன்னை எவரும் வதைக்க விடாதே. நீ எவரையும் வதைத்தாய் என்று கேள்விப்பட்டால், முறைப்பாட்டில் முதற் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.