பஸ்ஸில் பாட்டி, ரயிலில் குமரி



நேற்று மாட்டுத்தாவணி போகும் டவுன் பஸ்ஸில் ஒரு பையன் சட்டென்று எழுந்து, "பாட்டி, உட்காருங்க" என்றான். யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கம்பிதான் இருந்தது!

சரி, பாட்டிதான். ஒத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ரயில்வே மட்டும் என்னை இன்னும் குமரி என்றே நினைக்கிறது. முன்பெல்லாம் பெண்களுக்கு 58 வயதானால் பாதிக் கட்டணம். ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம் தள்ளுபடி. எங்களை இரண்டு வருஷம் முன்னதாகவே கிழவியாக்கினார்கள். பாதி டிக்கெட் ஆச்சே என்று பொறுத்துக்கொண்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. கேட்டால், எல்லா டிக்கெட்டிலும் ஏற்கெனவே மானியம் இருக்கிறதாம். அது 2020க்கு முன்பும் இருந்ததுதானே ஐயா?

எனக்குப் பென்ஷன் வருகிறது, சமாளிப்பேன். எங்கள் தெருவில் மல்லிகைப்பூ கட்டி விற்கும் அக்காவுக்கு என்ன வருகிறது? சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக முழுக் கட்டணம். ஸ்லீப்பருக்கும் மூன்றாம் வகுப்பு ஏசிக்குமாவது திரும்பக் கொடுங்கள் என்று நாடாளுமன்றக் குழுவே சொல்லிப் பார்த்துவிட்டது.

மிச்சமிருப்பது கீழ் பெர்த் ஒன்றுதான். போன மாதம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் அதற்கும் ஒரு தம்பி வந்து நின்றார்.

"அக்கா, நீங்க மேல ஏறிக்கிறீங்களா?"

அன்றைக்குப் பார்த்து அக்கா!