'என்ன ஆளுங்க?' கேட்காதீர்கள்

இருங்காட்டுக்கோட்டையில் மாடியில் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவள் நான். ஹூண்டாய் ஆலையில் 1998இல் கார் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் 'டு-லெட்' போர்டுக்கு ஓய்வில்லை. வீட்டுக்காரர்களின் பயமும் எனக்குத் தெரியும். வாடகை பாக்கியோடு ராத்திரியில் காலி செய்து போனவர்கள் உண்டு.

ஆனால் நம் விசாரணை எங்கே தொடங்குகிறது? "சொந்த ஊர் எது?" அடுத்து, "என்ன ஆளுங்க?" சம்பளமெல்லாம் அப்புறம்தான். கறி சமைப்பீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா, பெண் என்றால் ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் எப்போது இறக்கிவிடும் என்று தெரிந்துகொண்டே கேட்கிறோம். கழுத்தில் தொங்கும் அட்டையில் கான்ட்ராக்டர் பெயர் இருந்தால் முகம் சுளிக்கிறோம். ஒடிசா, பீகார் பையன்கள் என்றால் அதே அறைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். இதற்குப் பெயர் ஜாக்கிரதையாம்!

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. சாதி கேட்காதே என்று அதில் ஒரு வரி இல்லை, சேர்க்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்திலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல காரியம். கைக்குழந்தையோடு வரும் தம்பதி அங்கே தங்க முடியாதே. நம் வாசலுக்குத்தான் வருவார்கள். அவர்களிடம் ஆதாரையும் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள், பழைய வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். அதற்கு மேல் எதையும் கேட்காதீர்கள்.